டப்ளியூஎம்ஏசி மாஸ்டர்ஸ் பார்த்து வளர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஜெர்சிக்காரன்:

வணக்கம். 1995இல் தொடங்கி 1997 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வார இறுதிக் காலைகளில் வந்த டப்ளியூஎம்ஏசி மாஸ்டர்ஸ் இங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? கராத்தே, டேக்வாண்டோ, வூஷு, கிக்பாக்ஸிங் என்று வெவ்வேறு கலை கற்றவர்கள் பிள்ளைகளுக்காக மோதிக்காட்டிய நிகழ்ச்சி.

ஊரிலிருந்து நாங்கள் நியூஜெர்சிக்கு வந்த புதிது அது. எனக்கு இங்கிலீஷ் ஓடாது. வகுப்பில் டீச்சர் பேசுவது பாதிதான் பிடிபடும், பையன்கள் பேசுவது அதுவும் இல்லை. இந்த நிகழ்ச்சிக்கு அந்தக் கஷ்டமே இல்லை. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பட்டப்பெயர், ஒரு சின்னம். ஜெயிக்க ஜெயிக்க இடுப்புப் பட்டையில் சின்னங்கள் சேரும். பட்டை நிறைந்தவர் டிராகன் ஸ்டார் என்ற பட்டத்துக்காக மோதலாம். திங்கட்கிழமை பள்ளியில் யார் பட்டையில் என்ன சேர்ந்தது என்று பேச்சு ஓடும்போது நானும் வாய் திறந்து பேசினேன். அந்த ஊரில் நான் சேர்ந்துகொண்ட முதல் பேச்சு அதுதான்.

முதல் சீசனைத் தொகுத்து வழங்கியவர் ஷானன் லீ, புரூஸ் லீயின் மகள். அந்த ஒரு காரணத்துக்காகவே அப்பாவும் என்னோடு உட்கார்ந்துவிடுவார். தன் அப்பாவை 1973இல் நாலு வயதில் இழந்து, அண்ணன் பிராண்டனை 1993இல் படப்பிடிப்பில் இழந்த பெண் ஷானன் என்று அப்பாதான் எனக்குச் சொன்னார். ஷானன் திரையில் வந்தால் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிடுவார். ஹோ-சங் பாக் என்ற வீரருக்கு அதில் ‘சூப்பர்ஸ்டார்’ என்று பட்டப்பெயர். அம்மா அதை மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, சூப்பர்ஸ்டார் என்றால் ஒருவர்தான் என்று சமையலறையிலிருந்தே சொல்வார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். என் மகளுக்குப் பதினொரு வயது, டேக்வாண்டோ கற்கிறாள். போன வாரம் இணையத்தில் கிடைத்த பழைய துண்டுகளை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்பா, அவர் காலைத் தூக்குறதுக்கு முன்னாடியே இவர் விழ ரெடியாயிட்டார். எல்லாம் பேசி வெச்சது” என்று எழுந்து போய்விட்டாள்.

பேசி வைத்ததுதான், மறுக்கவில்லை. யார் ஜெயிப்பது என்பதும் எழுதப்பட்டதுதான். ஆனால் “பேசி வைத்தது, அதனால் பொய்” என்று அவள் போட்ட கணக்கு எனக்கு ஒப்பவில்லை. அந்த மனிதர்களின் கால்கள் பொய் இல்லை. இதை ஒரு பதினொரு வயதுப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? கலை கற்றவர்கள், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்லுங்கள்.

மின்னல்_ரசிகை:

தம்பி, உங்கள் பதிவைப் பார்த்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். என் பெயரிலேயே பதில் இருக்கிறது. ‘லேடி லைட்னிங்’ கிறிஸ்டீன் பேனன்-ரோட்ரிக்ஸ்! அவரைப் பார்த்துத்தான் நான் வீட்டில் அழுது அடம்பிடித்து கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். பரதநாட்டியத்துக்கு அனுப்பலாம் என்று அம்மா போட்டிருந்த திட்டம் அதோடு போயிற்று.

உங்கள் மகளிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். கிறிஸ்டீன் 1994இல் வந்த கராத்தே கிட் வரிசைப் படத்தில் ஹிலாரி ஸ்வாங்குக்கு டூப் போட்டவர். படத்தில் உதை இவருடையது, முகம் வேறொருவருடையது. ஹோ-சங் பாக் 1992இல் வந்த மார்ட்டல் காம்பாட் வீடியோ கேமில் லியூ காங்கின் உடம்பு. அவரைப் படம் பிடித்துத்தான் அந்த உருவத்தை உண்டாக்கினார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் பட்டன் தட்டி அவரைக் குதிக்க வைத்தார்கள், எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்? ‘ரெட் டிராகன்’ கிறிஸ் கஸமாஸா 1995இல் வந்த மார்ட்டல் காம்பாட் படத்தில் ஸ்கார்ப்பியனாக முகமூடிக்குள் இருந்தவர்.

இவர்கள் எல்லோரும் முகமூடிக்குப் பின்னால், இன்னொருவர் முகத்துக்குப் பின்னால் அடி வாங்கியவர்கள். இந்த நிகழ்ச்சி அவர்களை முன்னால் நிறுத்தி, “இவர் பேர் இது, இவர் இந்தக் கலை கற்றவர், இப்படி வளர்ந்தவர்” என்று காட்டியது. சண்டைக்கு நடுவில் அவர்கள் கதை வரும், நினைவிருக்கிறதா? எனக்கு சண்டையைவிட அந்தப் பகுதிதான் பிடிக்கும். யார் ஜெயிப்பார் என்பது எழுதப்பட்டதாக இருக்கட்டும். அந்த முகம் எழுதப்பட்டது இல்லை.

டென்வர்93:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நானும் அதே காலத்துப் பிள்ளைதான். ஆனால் என் மாமா பையன் வீட்டில் வீடியோ கேசட்டில் முதல் யூஎஃப்சி பார்த்துவிட்டேன், வெவ்வேறு கலை கற்றவர்கள் நிஜமாகவே மோதிய போட்டி. 1993 நவம்பரில் டென்வரில் நடந்தது. ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார், மூவரும் பிடியில் மாட்டிக்கொண்டுதான் தோற்றார்கள். பறந்து உதைப்பது, சுழன்று உதைப்பது எதற்கும் அங்கே வேலை இல்லை. அதைப் பார்த்த பிறகு வார இறுதிக் காலையில் சுழன்று சுழன்று உதைப்பதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

என் கவலை என்னவென்றால், பிள்ளைகள் அதை உண்மையான போட்டி என்றே நினைத்தார்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் நிஜமாகவே ஒரு பெரிய பையனை அப்படி உதைக்கப் போய் மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். உங்கள் மகள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாள் என்றால் அவள் ஆசிரியர் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அதைக் கலைக்க வேண்டாமே.

கம்புக்காரர்:

தம்பிமார் இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். எங்கள் அப்பா சிலம்ப ஆசான். நானும் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லிக்கொடுக்கிறேன். இந்த நிகழ்ச்சியை நான் அந்தக் காலத்தில் பார்த்ததில்லை, உங்கள் பதிவைப் படித்த பிறகு நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன்.

எங்களுக்கு இது புதுக் கேள்வி இல்லை. அலங்காரச் சிலம்பம் என்று உண்டு, போர்ச் சிலம்பம் என்று உண்டு. திருவிழாவில் ஆடுவது அலங்காரம். அதில் யாரும் யாரையும் வெல்லப் போவதில்லை. ஆனால் கம்பு சுற்றத் தெரியாதவன் அதை ஆட முடியுமா? சாமி ஊர்வலத்துக்கு முன்னால் கம்பு சுற்றும் பையன் கை தவறினால் பக்கத்தில் நிற்பவர் மண்டை உடையும். போர்ச் சிலம்பத்தில் கம்பு பட்டால் அது உன் வெற்றி. அலங்காரத்தில் பட்டால் அது உன் தோல்வி. இரண்டுக்கும் வேறு வேறு கட்டுப்பாடு.

ஜோடி சேர்ந்து ஆடும்போது உதைப்பவர் வேலை பாதிதான். முழு வேகத்தில் வரும் கால் தாடைக்கு முன்னால் நிற்க வேண்டும், நின்றது தெரியவும் கூடாது. அந்த இடைவெளியை மறைக்கும் கோணத்தில் கேமரா இருக்க வேண்டும். மீதி வேலை வாங்குபவருடையது. தலை திரும்புவது, தோள் போவது, உடம்பு சாய்வது எல்லாம் கால் வந்து சேரும் அந்த நொடியில் நடக்க வேண்டும். ஒரு இமைப்பொழுது முந்தினால் நாடகம் ஆகிவிடும். பிந்தினால் பல் போய்விடும். வாங்குபவர்கள் பெரும்பாலும் முந்துவார்கள், ஏனென்றால் பயம் முந்தும்.

உங்கள் மகள் பார்த்தது அந்த முந்தலைத்தான். நானும் நேற்று ஒன்றிரண்டு இடத்தில் பார்த்தேன். பெரியவர்கள் பலர் வாழ்நாள் முழுக்க சினிமா பார்த்தும் கவனிக்காததை அந்தப் பிள்ளை கவனித்திருக்கிறது. முதலில் அதற்கு அவளைப் பாராட்டுங்கள். அப்புறம் முந்தாத இடங்களை அவளையே தேடச் சொல்லுங்கள். நிறைய இருக்கிறது. ரெட் டிராகன் என்கிறீர்களே, அவர் உதைக்கு எதிரில் நிற்பவர்களை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

முடிந்தால் ஒரு தோழியோடு சேர்ந்து மெதுவாகச் செய்து பார்க்கட்டும், ஆசிரியர் கூட இருக்கும்போது. நாலு உதை, நாலு தடுப்பு போதும்.

ஜெர்சிக்காரன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்கா, முகமூடி விஷயம் எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. பாக், கஸமாஸா இருவரைப் பற்றியும் தனித்தனியாகத் தெரியும், சேர்த்து யோசித்ததில்லை.

டென்வர் நண்பரே, உங்கள் கவலை நியாயமானது. அந்தப் பையன் கை சீக்கிரம் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் ஒன்று. ‘ஒலிம்பஸ்’ என்ற பட்டப்பெயரில் வந்த ஹெர்ப் பெரெஸை நீங்கள் மறந்துவிட்டீர்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் டேக்வாண்டோவில் தங்கம் வென்றவர். அப்போது அது காட்சி விளையாட்டுதான், 2000 சிட்னியில்தான் முழுப் பதக்கப் போட்டி ஆனது. ஆனாலும் எதிரில் நின்றவர்கள் அவருக்காக விழத் தயாராக நின்றவர்கள் இல்லை. நிஜமாக வென்ற அதே மனிதர் மூன்று வருடம் கழித்து எழுதப்பட்ட போட்டியிலும் வந்து நின்றார். அவர் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நான் நினைக்கிறேன்: உண்மையான புள்ளிச் சண்டையில் ஒரு நல்ல உதை கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், நடுவர் கை தூக்கிய பிறகுதான் என்ன நடந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியும். பத்து வயதுப் பையன் அதைப் பார்த்து ஒன்றும் கற்க முடியாது. முடிவு எழுதப்பட்டிருந்ததால்தான் உதை முழு உயரத்துக்குப் போயிற்று, எனக்கும் இது இந்தக் கலை, அது அந்தக் கலை என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. கிரேசியின் இரவு எனக்கு அந்த வயதில் தரையில் இரண்டு பேர் கட்டிப்பிடித்துக் கிடப்பதாகத்தான் தெரிந்திருக்கும். அதன் அருமை புரிய வயது வேண்டும்.

பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். என் மகளுக்கு அந்தக் குறை இல்லை, அவளே சொல்லிவிட்டாள்.

ஆசான், நீங்கள் சொன்னபடியே செய்தேன். முதலில் பாராட்டினேன். முந்தாத இடங்களைத் தேடு என்றதும் மறுபடி வந்து உட்கார்ந்தாள். இப்போது நோட்டில் கோடு போட்டு இரண்டு பக்கமாக எழுதுகிறாள், ஒரு பக்கம் முந்தியவர்கள், இன்னொரு பக்கம் முந்தாதவர்கள். ஹகீம் ஆல்ஸ்டன் என்ற வீரர் இதுவரை அவளுடைய நல்ல பக்கத்தில்தான் இருக்கிறார். அவளுடைய டேக்வாண்டோ ஆசிரியரிடமும் பேசினேன். வகுப்பு முடிந்த பிறகு கொஞ்ச நேரம் அவர் முன்னிலையிலேயே ஜோடியாகச் செய்து பார்க்கலாம் என்றார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. உதையை வாங்குபவர் எங்கே பார்க்க வேண்டும், எதிரியின் கண்ணையா, இடுப்பையா? அவள் இடுப்பு என்கிறாள், தோழி கண் என்கிறாள். சிலம்பத்தில் எப்படி?

கம்புக்காரர்:

மார்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் ஏமாற்றும். இடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தலை குனிந்துவிடும், குனிந்த தலை அடி வாங்கும். மார்பில் பார்வை இருந்தால் தோளும் தெரியும், இடுப்பும் ஓரத்தில் தெரியும். இருவருக்கும் பாதிப் பாதி மதிப்பெண்.