மறுமொழி: ஸ்கோப்பா கலைச்சொற்கள் – ‘ஸ்பரீலியோ’வுக்கு என்ன சொல்?

அன்புள்ள ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

ஸ்கோப்பா என்ற இத்தாலியச் சீட்டாட்டத்துக்கு நாம் போடும் தமிழ்ச்சொல் பட்டியலில் முக்கால்வாசி சண்டையில்லாமல் முடிந்துவிட்டது. கையிலிருந்து ஒரு சீட்டை இறக்கி, கீழே கிடப்பவற்றில் அதே எண்ணையோ, கூட்டினால் அந்த எண் வருபவற்றையோ எடுப்பதுதான் ஆட்டம். கீழே கிடக்கும் சீட்டு அத்தனையையும் ஒரே சீட்டால் எடுத்துக்கொள்வது ‘துடைப்பு’. ஆட்டத்தின் பெயரை மட்டும் ஸ்கோப்பா என்றே விட்டுவிடலாம் என்ற கட்சியில் நானும் சேர்கிறேன். இத்தாலியனில் அதற்குத் துடைப்பம் என்றுதான் பொருள் என்றாலும், ‘வாருங்கள், துடைப்பம் ஆடலாம்’ என்று எந்த விருந்தாளியையும் நம் வீடுகளில் கூப்பிட முடியாது. நான்கு இனங்களுக்குப் பொன், கிண்ணம், வாள், தடி. படச்சீட்டு மூன்றுக்கும் சதுரங்கத்தில் ஏற்கெனவே பழகிய காலாள், குதிரை, அரசன். மதிப்பு முறையே 8, 9, 10. பொன் இனத்து 7-க்கு ஐயா தந்த ‘பொன்னேழு’தான் பட்டியலிலேயே எனக்கு மிகப் பிடித்தது. இத்தாலியர்கள் அதை ‘அழகிய ஏழு’ என்று சீராட்டி, 1950களில் மிலானுக்கும் ரோமுக்கும் இடையே ஓடிய சொகுசு ரயிலுக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். நம் சொல் அதற்கு இளைத்ததல்ல.

மீதி நிற்பது ஸ்பரீலியோ, அதாவது பல சீட்டுகளைக் கூட்டி எடுத்து எண்களின் இரட்டைக் கணக்கைக் குலைப்பது. இதில்தான் ஐயாவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

> ‘சோடிமுறி’ என்று வைத்துவிடலாம். சேர்ந்திருந்த சோடி முறிகிறது, அவ்வளவுதானே. நான்கே எழுத்து, சீட்டு தெரிந்த எவருக்கும் கேட்டவுடன் விளங்கும்.

விளங்கும், ஆனால் வேறு ஏதோ விளங்கும். ரம்மி ஆடிப் பழகியவரிடம் ‘சோடியை முறித்தான்’ என்று சொல்லிப் பாருங்கள். தன் கையில் இருந்த இரண்டு ஒரே எண் சீட்டுகளில் ஒன்றை இறக்கிவிட்டான் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஸ்கோப்பாவிலும், நால்வர் இணைந்து ஆடும் ஸ்கோப்போனேயிலும், அது ஒரு தனி உத்தி. கையில் ஒரே எண்ணில் இரண்டு இருந்தால் ஒன்றைத் துணிந்து இறக்கலாம். எதிராளி அதை எடுத்தாலும் அந்த எண்ணில் இன்னொன்று நம்மிடம் இருக்கிறது. ‘சோடி’ என்ற சொல்லை அதற்காக ஒதுக்கி வைக்க வேண்டும்.

இந்த உத்திக்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1982 உலகக் கோப்பையை வென்று மாட்ரிட்டிலிருந்து திரும்பும் விமானத்தில் இத்தாலியின் அதிபர் சாந்த்ரோ பெர்தினி, கோல்காப்பாளர் தீனோ ஸோஃபைக் கூட்டாளியாக்கிக்கொண்டு, பயிற்சியாளர் என்ஸோ பேர்சோத்தும் வீரர் ஃபிராங்கோ காவுசியோவும் சேர்ந்த அணியோடு ஸ்கோப்போனே ஆடினார். மேசைமேல் கோப்பை இருக்கும் அந்தப் புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். காவுசியோ பிற்காலத்தில் சொன்னபடி, கையில் ஒரே ஒரு 7 இருந்தும் அதை இறக்கினார்; பெர்தினி எடுக்காமல் விட்டார்; அடுத்து ஆடிய பேர்சோத் பொன்னேழைத் தட்டிக்கொண்டு போனார். சோடி இருப்பவர்தான் 7-ஐ இறக்குவார் என்ற வழக்கம் இல்லையென்றால் இதில் தந்திரமே இல்லை. சோடி என்ற சொல்லுக்கு இந்த ஆட்டத்தில் இவ்வளவு வேலை இருக்கிறது.

ஸ்பரீலியோ நடப்பது கையில் இல்லை, மொத்தச் சீட்டுக்கட்டில். அதில் 40 சீட்டு, ஒவ்வோர் எண்ணிலும் நான்கு. 5-ஐ 5 எடுத்தால் வெளியே இரண்டு 5 மிச்சம். மறுபடி 5-ஐ 5 எடுத்தால் ஒன்றுமில்லை. இப்படியே போனால் எல்லா எண்ணும் எப்போதும் இரட்டைப்படையில் நிற்கும். கீழே 4, 3 கிடக்க ஒருவர் 7-ஐ இறக்கி இரண்டையும் அள்ளினால் மூன்று எண்கள் ஒரே வீச்சில் ஒற்றைப்படைக்குப் போய்விடுகின்றன: மூன்று 7, மூன்று 4, மூன்று 3. எந்தச் சோடி இதில் முறிந்தது?

யாருக்கு இது வேண்டும் என்பதையும் சொல் காட்டினால் நல்லது. ஆளுக்குப் பத்துச் சீட்டு என்று கட்டு முழுவதையும் போட்டுவிடும் ஸ்கோப்போனேயில், சீட்டுப் போட்டவரின் வலப்புறம் இருப்பவர் தொடங்குவார். போட்டவர் ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக ஆடுவார். எண்கள் இரட்டையாகவே நின்றால் தொடங்கும் அணி ஒன்றை வைப்பதும், போட்ட அணி அதே எண்ணால் எடுப்பதுமாகவே ஆட்டம் நகரும். கடைசிச் சுற்றுகளில் பதில் சீட்டு போட்டவர் அணியிடம் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் அந்த அணி இரட்டையைக் காக்கப் பார்க்கும். எதிரணி கிடைத்த முதல் வாய்ப்பிலேயே குலைக்கப் பார்க்கும். குலைத்ததைச் சீட்டுப் போட்டவர் பின்னால் சரிசெய்யவும் முடியும். சோடிமுறி என்று வைத்தால் அந்த எதிர்வினைக்கு என்ன சொல்வோம், ‘சோடியொட்டு’ என்றா?

என் முன்மொழிவு: ஒற்றைப்படுத்தல், இரட்டைப்படுத்தல். புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி ‘ஒற்றையா இரட்டையா’ கேட்டு ஆடிய எவருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அன்புடன்.

———

தம்பிக்கு,

சோடிமுறியை நீங்களே முறித்துவிட்டீர்கள். போகட்டும், கையில் உள்ள சோடி என்ற வாதம் நியாயமானது, நான் வற்புறுத்தவில்லை.

ஆனால் ‘ஒற்றைப்படுத்தல்’ என்று எழுதிவிட்டுத் திரும்ப வாசித்துப் பாருங்கள். தனிமைப்படுத்தலுக்குத் தம்பி முறை போலிருக்கிறது. ஆட்டத்தின் நடுவே ‘ஒற்றைப்படுத்தினான்’ என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் இறக்கிவிடுவார்.

நீளத்தைக்கூட மன்னிக்கலாம். சொல் பொய் சொல்லக் கூடாது. 7-ஆல் 4, 3-ஐ எடுத்தாயிற்று. சற்றுப் பிறகு வேறொருவர் இன்னொரு 7-ஆல் 5, 2-ஐ எடுக்கிறார். இப்போது 7 இரட்டைக்குத் திரும்பிவிட்டது. 5-உம் 2-உம் புதிதாக ஒற்றையாயின. இது ஒற்றைப்படுத்தலா, இரட்டைப்படுத்தலா? ஒரு 4-ஆல் இரண்டு 2-களை எடுத்தாலோ? 2 இரண்டு முறை கழிந்ததால் இருந்தபடியே இருக்கிறது. 4 மட்டும் மாறுகிறது. அரசனால் 1, 2, 3, 4 நான்கையும் வாரினால் ஐந்து எண்கள் புரளும். இத்தனை வகைக்கும் ஒரே சொல்லைப் போர்த்த முடியாது.

பட்டியலில் இன்னொன்று. பிரிமியேராவை ‘முதன்மை’ என்று யாரோ திருத்தியிருக்கிறார்கள். வேண்டாம். அது எடுத்த சீட்டுகளை ஆட்ட முடிவில் ஒப்பிடும் ஒரு கணக்குமுறையின் பெயர், அப்படியே இருக்கட்டும். அதன் கணக்கைத் தமிழில் ஒழுங்காக எழுதினால் போதும். இனத்துக்கு ஒன்றாக நான்கு சீட்டு. 7-க்கு 21, 6-க்கு 18, 1-க்கு 16, 5-க்கு 15, 4-க்கு 14, 3-க்கு 13, 2-க்கு 12, படச்சீட்டுக்கு 10. ‘மூன்று ஏழு இருந்தால் பிரிமியேரா உறுதி’ என்று விளக்கக் குறிப்பில் இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள். மூன்று ஏழுக்கு 63, நான்காம் இனத்தில் படச்சீட்டு மட்டுமே கிடைத்திருந்தால் 10, ஆக 73. எதிரணியிடம் நான்காவது ஏழும் மற்ற மூன்று இனங்களின் ஆறும் இருந்தால் 75. தோற்றுப்போவோம். அபூர்வம்தான், ஆனாலும் ‘உறுதி’ என்ற சொல்லுக்கு மரியாதை வேண்டாமா?

———

ஐயா,

பிரிமியேரா வரியை எடுத்துவிட்டேன்.

நீங்கள் கேட்ட கேள்வியிலேயே வழியும் இருக்கிறது. இத்தாலியச் சொல் இரண்டு பொருளை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது: எப்படி எடுத்தார் என்ற செயல், எடுத்ததால் எண்களுக்கு என்ன ஆயிற்று என்ற விளைவு. நாமும் அதே முடிச்சைப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிரித்தே பெயர் வைப்போம்.

செயலுக்கு நம் சீட்டாட்டங்களின் ‘பிடி’ இருக்கிறது. அதே எண்ணால் எடுப்பது நேர்ப்பிடி. பலவற்றைக் கூட்டி எடுப்பது கூட்டுப்பிடி. கீழே அதே எண் கிடந்தால் நேர்ப்பிடியைத்தான் எடுக்க வேண்டும், கூட்டுப்பிடிக்கு உரிமையில்லை என்ற விதியையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். 7, 4, 3 மூன்றும் கீழே கிடக்க, கையில் 7 வைத்துக்கொண்டு 4-ஐயும் 3-ஐயும் பார்த்து ஏங்குவதோடு சரி.

விளைவுக்கு வினைச்சொல்லே போதும்: ஒற்றையாக்கு, இரட்டையாக்கு. பெயராக வேண்டும் என்றால் ஒற்றையாக்கம். ‘இந்தக் கூட்டுப்பிடி 7-ஐ இரட்டையாக்கி, 5-ஐயும் 2-ஐயும் ஒற்றையாக்கியது’ என்று எழுதினால் உங்கள் கேள்விக்குப் பொய்யில்லாத பதில் கிடைத்துவிடுகிறது.

இதில் பெரிய லாபம் ‘ஒற்றை’ தனியாக நிற்கும் பெயர்ச்சொல்லாகிவிடுவது. நன்றாக ஆடுகிறவர்கள் 40 சீட்டையும் மனத்தில் சுமப்பதில்லை. எந்தெந்த எண்கள் ஒற்றை என்பதை மட்டும் சுமக்கிறார்கள். நேர்ப்பிடி போனால் மறந்துவிடலாம், எதுவும் மாறாது. கூட்டுப்பிடி போனால் மட்டும் அந்த எண்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே இருந்தால் நீக்க வேண்டும். 7-ஆல் 4, 3: ஒற்றை 7, 4, 3. பிறகு 7-ஆல் 5, 2: ஒற்றை 2, 3, 4, 5. அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலுக்கு ஒரு சரிபார்ப்பும் உண்டு. எந்தப் பிடியானாலும் எடுத்த சீட்டின் மதிப்பும் எடுக்கப்பட்டவற்றின் கூட்டுத்தொகையும் சமம். ஆகவே ஒவ்வொரு பிடியும் ஆட்டத்திலிருந்து இரட்டை எண்ணையே கழிக்கிறது. கட்டின் மொத்த மதிப்பு 220, அதுவும் இரட்டை. அதனால் ஒற்றைப் பட்டியலில் உள்ள எண்களைக் கூட்டினால் எப்போதும் இரட்டை எண்தான் வர வேண்டும். 7, 4, 3 கூட்டினால் 14. 2, 3, 4, 5 கூட்டினாலும் 14. உங்கள் 4-ஆல் இரண்டு 2 எடுத்த வழக்கில் ஒற்றை 4 மட்டும். அதுவும் இரட்டை எண். மனத்தில் உள்ள பட்டியலின் கூட்டுத்தொகை ஒற்றை எண்ணாக வந்தால் எங்கோ ஒரு பிடியைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம். 1 எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும் வகை ஆட்டத்தில் இது செல்லாது.

கடைசிச் சுற்றில் இதன் பலனைப் பாருங்கள். ஆளுக்கு ஒரு சீட்டு. நான் சீட்டுப் போட்டவன், என் கையில் 5. கீழே ஓர் அரசனும் ஒரு காலாளும். என் மனப்பட்டியல் ‘ஒற்றை 3, 5’ என்கிறது. 5-இன் ஒற்றை என் கையிலேயே இருக்கிறது. அரசனும் காலாளும் இரட்டையாக இருக்க வேண்டுமென்றால் இன்னோர் அரசனும் இன்னொரு காலாளும் மறைந்திருக்க வேண்டும். ஒற்றையான 3-உம் வெளியே வரவில்லை. மறைந்திருப்பவை மூன்றே சீட்டு. ஆக மூன்றும் எவை என்று சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். ‘ஒற்றை 3, 5’ என்ற இரண்டு எண்களைத் தவிர நான் எதையும் நினைவில் வைக்கவில்லை. ஸ்கோப்பாவைப் புதிதாகக் கற்பவருக்கு, மேசைச் சீட்டுகளின் கூட்டுத்தொகை 10-ஐத் தாண்டியிருக்கும்படி இறக்கினால் அடுத்தவர் துடைக்க முடியாது என்பதைச் சொல்லிவிட்டு, உடனே இதைத்தான் சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி.

அகராதிப் பதிவை இப்படி அமைக்கிறேன்:

‘ஸ்பரீலியோ: ஒற்றையாக்கம். கூட்டுப்பிடியால் சில எண்களின் மிச்சத்தை இரட்டையிலிருந்து ஒற்றைக்கு மாற்றுதல். ஸ்கோப்போனேயில் தொடங்கும் அணி நாடுவது. சீட்டுப் போட்ட அணி தவிர்ப்பது. எதிர்ச்சொல்: இரட்டையாக்கம்.’

முலினெல்லோவும் பாக்கியிருக்கிறது. ஓர் அணி துடைத்தவுடன் எதிரணி வெற்று மேசையில் ஒன்றை வைத்தே ஆக வேண்டும், அதையும் துடைப்பார்கள், மறுபடி வைக்க வேண்டும். இப்படி மாட்டிக்கொண்டு மீள முடியாத நிலை. ‘சுழல்’ போடலாமா, ‘சுழி’ போடலாமா?

———

தம்பி,

ஒற்றையாக்கத்தை ஏற்கிறேன். அந்த 3, 5 கணக்கைக் கட்டை எடுத்து வைத்துப் போட்டுப் பார்த்தேன், வருகிறது. அகராதிப் பதிவுக்குக் கீழே அதையும் எடுத்துக்காட்டாகச் சேருங்கள்; சொல் பரவுவது அதனால்தான் பரவும்.

‘கூட்டுப்பிடி’ மட்டும் கூடாது. இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்து ஆடும் ஆட்டம் இது. கூட்டாளியோடு சேர்ந்து பிடித்தது என்று வாசகர் எண்ணிவிடுவார், விதியும் தலைகீழாகிவிடும். ‘தொகைப்பிடி’ என்று மாற்றுங்கள். கூட்டுத்தொகையால் பிடிப்பது என்று பொருளும் நேராக வருகிறது, நேர்ப்பிடிக்குப் பக்கத்தில் நிற்கவும் பொருத்தம்.

முலினெல்லோவுக்குச் சுழி. ஆற்றில் குளித்தவர்களுக்குச் சுழலைவிடச் சுழிதான் பயம் தரும். மறுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதட்டும். அதற்குப் பிறகு பட்டியலை மூடிவிட்டுப் பிரிஸ்கோலாவுக்குப் போகலாம். அதில் துருப்பு இருக்கிறது, பாதிச் சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே உண்டு.