பெருநகரத்தை விட்டு அமைதியான ஊருக்கு வந்தவர்கள்: இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம்

சாரல்வாசி

செங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வந்து 11 மாதம் ஆகிறது. அதற்கு முன் வேளச்சேரி. நல்ல காற்று, நல்ல தண்ணீர், குறைந்த வாடகை எல்லாம் நீங்கள் கேட்டு அலுத்த கதைதான், விட்டுவிடுகிறேன். என்னை உறுத்துவது ஒரு விரல்.

ஆடி மாதம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வாசல் கதவைத் திறந்தால் பின்கதவு அறையும். மீட்டிங்கில் அது வெடி வெடித்த மாதிரி கேட்கிறதாம். அதனால் அன்று விடிந்ததுமே இரண்டையும் சாத்தித் தாழ் போட்டுவிட்டேன். 11 மணி இருக்கும், யாரோ தட்டினார்கள். ஹெட்செட்டோடு போய்த் திறந்தால் இரண்டு வீடு தள்ளி இருக்கும் பாட்டி, கையில் ஒரு பிடி முருங்கைக்கீரை. "என்ன தாயி, விடிஞ்சதுலேருந்து நடை சாத்தியே கெடக்கு, மேலுக்குச் சரியில்லையா?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். சரியாக அந்த நேரம் பார்த்து மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினேன். ஆபீசில் ஒரு நாளைக்கு இருபது தடவை காட்டுவோமே, 'ஒரு நிமிஷம்' என்று, அதே விரல்.

பாட்டி அந்த விரலைப் பார்த்தார். கீரையைத் திண்ணையில் வைத்தார். போய்விட்டார்.

பகலில் கதவு சாத்தியிருந்தால், ஒன்று ஆள் ஊரில் இல்லை, இல்லாவிட்டால் வீட்டில் யாருக்கோ முடியவில்லை. அந்தத் தெருவில் அதுதான் அர்த்தம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதமாகத் தெருவில் பார்த்தால் சிரிக்கிறார். நடை ஏறுவதில்லை. இப்படி யாருக்காவது?

கோத்தகிரி 43

உங்களைப் பார்த்துப் பாட்டியாவது சிரிக்கிறார். என்னை முறைத்தது காட்டுமாடு.

வந்து இரண்டாவது வாரம். காலை ஆறேகாலுக்குப் பால் வாங்கக் கிளம்பினேன். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே, தேயிலைச் செடி ஓரமாக, கறுப்பாக ஏதோ நின்றது. பக்கத்துத் தோட்டத்து ஜீப்பை யாரோ குறுக்கே நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து, திட்டிக்கொண்டே கிட்டே போனேன். ஜீப் மூச்சு விட்டது.

அப்புறம்தான் கால்கள் தெரிந்தன. முழங்காலுக்குக் கீழே வெள்ளை, சாக்ஸ் போட்ட மாதிரி. எதிர்வீட்டு அக்கா ஜன்னலிலிருந்து, "ஓடாதீங்க சார், அப்படியே பின்னால போங்க" என்றார். பதற்றமே இல்லை, குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரல். நான் பின்வாங்கினேன், அது புல்லைத் தொடர்ந்தது. தெருவில் எனக்கு இன்றைக்கும் 'ஜீப்காரர்' என்றுதான் பெயர்.

உறுத்துவது அந்தப் பெயர் இல்லை. அத்தனை பயத்திலும் என் கை பாக்கெட்டில் போனைத்தான் தேடியது, படம் எடுக்க. (2024 மே மாதத்திலிருந்து மலைக்கு வர இ-பாஸ் வேண்டும். என் வண்டி இன்னும் சென்னைப் பதிவெண்தான், ஒவ்வொரு தடவையும் சோதனைச் சாவடியில் "டூரா சார்?" என்கிறார்கள். காட்டுமாடும் அதையேதான் கேட்டிருக்கும்.)

சாவி

சாரல்வாசி, கோபித்துக்கொள்ள வேண்டாம். பாட்டி கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'கதவு ஏன் சாத்தியிருக்கிறது' என்று கேட்கிற அதே ஊர்தான் இன்னும் சில கேள்விகளையும் கேட்கிறது.

சென்னையில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை என்றதும் தெற்கே ஒரு சின்ன ஊரில் வீடு தேடினேன். ஊர் பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் தங்கமான மனிதர். மாடி, கிணறு, மாமரம் எல்லாம் சுற்றிக் காட்டினார், காபி கொடுத்தார். அட்வான்ஸ் பேசி முடித்து சாவியையும் என் பக்கம் நீட்டிவிட்டார். நீட்டிய கையோடு கேட்டார், "தம்பிக்குச் சொந்த ஊரு?" சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" சொன்னேன். "குலசாமி எது?"

'என்ன ஆளு' என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. இந்த மூன்று கேள்வி போதும். மூன்றாவதற்கு நான் பதில் சொன்னதும் சாவி சட்டைப் பைக்குள் திரும்பிப் போனது. "அட, மறந்தே போனேன் தம்பி, என் மாப்பிள்ளை இங்கயே குடிவர்றதாச் சொல்லிட்டு இருந்தாரு." காபி டம்ளர் அப்போதும் என் கையில்தான் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிடம் நின்றேன் பாருங்கள், அந்த ஒரு நிமிடம்தான்.

வேளச்சேரியில் பக்கத்து ஃபிளாட்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். அது ஒரு விடுதலை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சென்னையில் வீடு தேடும்போது இந்தக் கேள்வி வராது என்று சொல்ல வரவில்லை, வரும். ஆனால் அங்கே அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். இங்கே அடுத்த தெருவுக்கு நான் போவதற்கு முன்பே என் குலசாமி போய்ச் சேர்ந்துவிட்டது.

வரப்பு

பெங்களூரிலிருந்து சின்னமனூர் பக்கம் வந்தோம். வாசல்படியில் ஆறடிப் பாம்பு, நான் சோபா மேல் ஏறி நின்றேன், பக்கத்து வீட்டுப் பத்து வயதுப் பையன் "சாரைதான் அங்கிள், எலி தின்ன வந்திருக்கு" என்று விளக்குமாற்றால் ஒதுக்கிவிட்டான். என் கதை இவ்வளவுதான்.

ஆனால் புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்து வயலில் நீர் நின்றதும் எலி மேட்டுக்கு ஏறும், அதன் பின்னாலேயே மற்றது வரும். சாரைக்கு விஷமில்லை. பயப்பட வேண்டியது முக்கியமாக நாலு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்து இந்த நாலுக்கும் சேர்த்துத்தான். கடித்தது எது என்று தேடிப் பிடித்து அடித்து எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருக்கிறது, 1978இல் தொடங்கியது. பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் மருந்து.

கட்டுவிரியன் ராத்திரியில் வரும். கடித்த இடம் வலிக்காது, தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி, அப்புறம் இமை தொங்கும். வாய்வு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. தரையில் படுக்காதீர்கள், கட்டில், கொசுவலை. கடிபட்டால் இறுக்கிக் கட்டாதே, கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே. மோதிரம், வளையலைக் கழற்று, கையையோ காலையோ அசைக்காமல் வை, 108ஐக் கூப்பிடு, அரசு மருத்துவமனைக்குப் போ. விறகு அடுக்கைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். செருப்பைத் தட்டிப் போடுங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். கோழித் தீவனம் சிந்தாமல்...

கோத்தகிரி 43

அண்ணே, பாம்பைப் பற்றி இங்கே யாருமே கேட்கவில்லை. இனிமேல் நானும் தூங்க மாட்டேன்.

வரப்பு

எட்டத் தள்ளி நிற்க வேண்டிய மாட்டை ஜீப் என்று நினைத்தவர் தூங்காமல் இருப்பதே நல்லது.

தீவு டீச்சர்

கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தனான். பக்கத்தில் ரயில், அதைத் தாண்டினால் கடல், அந்தச் சத்தம் இல்லாமல் நித்திரை வராது. ஆசிரிய நியமனம் யாழ்ப்பாணப் பக்கம் நெடுந்தீவுக்குக் கிடைத்தது. குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம். கடைசிப் படகு போனால் போனதுதான்.

முதல் கிழமை, நடுச்சாமம், கிணற்றடியில் யாரோ மூச்சு விடுகிற சத்தம். முருகைக்கல் (பவளக்கல்) மதிலுக்கு மேலாலே எட்டிப் பார்த்தால் ஒரு குதிரை, குட்டியோடு. அங்கே குதிரைகள் தன்பாட்டில் திரிகிறவை என்று தெரியும், ஆனால் வீட்டுக்குள் வரும் என்று நினைக்கவில்லை. நான் தடியால் மதிலில் அடித்துக் கத்தினேன், இரண்டும் ஓடிவிட்டன. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. நான் பின்னேரம் குளித்து, சீமெந்தில் தேங்கி நின்ற தண்ணீரைத்தான் அது நக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது, "டீச்சர், நீங்க குதிரைக்குத் தண்ணி வைக்கேல்லையோ?" வெயில் காலத்தில் அங்கே பல வீடுகளில் வாசலில் ஒரு பேசின் இருக்குமாம். வைக்கிறன் என்றேன். விரட்டினதைச் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு இரவும் வைக்கிறேன். குட்டியோடு வந்தது வந்ததா, வேறொன்று வந்ததா, இருட்டில் எனக்குத் தெரியாது.

சாரல்வாசி

சாவி எழுதியதை இரண்டு நாளாக யோசிக்கிறேன். எங்களிடமும் குலசாமி கேட்டார்கள். சொன்னோம். சாவி கிடைத்தது. அந்தப் பாட்டி கீரையோடு நடை ஏறியதும் அந்தப் பதிலால்தானோ என்னவோ. என் கதையை எழுதும்போது அதைச் சேர்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

காற்று இப்போது அடங்கிவிட்டது. நேற்று முழுக்கக் கதவைத் திறந்தே வைத்தேன். மத்தியானம் ஒரு ஆடு உள்ளே வந்து லேப்டாப் சார்ஜர் வயரைக் கடித்துவிட்டது. பாட்டியின் ஆடு. தேடிக்கொண்டு வந்தவர் வாசலுக்கு வெளியே நின்றபடியே, "அதைச் செத்த இங்கிட்டுப் பத்தி விடு தாயி" என்றார். உள்ளே வாங்க பாட்டி என்றேன்.

"நீ வேலையைப் பாரும்மா" என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.