அட்ரசீனை நோக்கி நகரும் பற்றீரியா: மென் ஏகாரில் வளையம் வரேல்லை

கிளிநொச்சி_உயிரி:
ஈ.கோலை பற்றீரியாவில, நேரா நீந்த உதவுற கீ-இசட் (cheZ) ஜீனை நீக்கி, அதையே அட்ரசீன் எண்ட களைநாசினிக்குத் திறக்கிற ரைபோசுவிச்சின் (ஆர்என்ஏ ஆளி) கீழ பிளாஸ்மிட்டில (தனி வட்ட டிஎன்ஏ) வைச்சிருக்கு. எமரி பல்கலைக்கழகத்தில கலிவன் குழு 2010இல வெளியிட்ட முறைதான். எல்பி வளர்ப்பூடகம், 0.5% ஏகார், 37 பாகை, ஒரு இரவு. களைநாசினி போட்ட கிண்ணத்திலும் போடாததிலும் நடுவில ஒரு பொட்டு மட்டும், நீந்திப் பரவின வளையம் இல்லை. பிளாஸ்மிட் வரிசை சரி. எங்கை பிழை? சரிவந்தா வவுனியாப் பக்கச் சோளக் காணி மண்ணில சோதிக்கலாமோ?

பாலைமரம்:
பிளாஸ்மிட்டை விடுங்கோ, முதல் ஏகாரைப் பாருங்கோ. 0.5% பின்னலுக்குள்ள ஈ.கோலை நீந்தாது. 1% ரிப்ரோன் (புரதச் சத்து), 0.5% உப்பு, 0.25% ஏகார். குளுக்கோஸ் வேண்டவே வேண்டாம், நீந்துற வாலான சவுக்குமுளையின் ஜீன்களை அடக்கிப்போடும். 37 பாகையும் அப்படித்தான், 30இல வையுங்கோ. சோளகக் காலத்தில அறையே 34இல நிண்டால், குளிரூட்டி இல்லாத இன்கியூபேற்றர் 30க்கு இறங்காது. ரெஜிபோம் பெட்டிக்குள்ள குளிர்தண்ணிப் போத்தலும் வெப்பமானியும் வைச்சுச் சமாளிக்கலாம்.

90 மி.மீ. கிண்ணத்துக்கு 25 மி.லீ. ஊத்தி, மட்டமான மேசையில ஆறவிடுங்கோ. தளதளவெண்டுதான் இருக்கும், கவிழ்க்கக் கூடாது, சரிச்சாலே வழுக்கும். பிப்பெற் நுனியை நடு ஆழத்துக்கு இறக்கி 2 மைக்ரோலீற்றர் விடுங்கோ. மேல விட்டால் ஈரப்படலத்தில வழியிறதே நீச்சல் மாதிரித் தெரியும். 8 மணித்தியாலத்தில இருந்து விட்டத்தை அளவுங்கோ.

முத்தையன்கட்டு:
அட்ரசீன் அளவைச் சொல்லேல்லை. தண்ணியில லீற்றருக்கு ஏறக்குறைய 33 மி.கி.தான் கரையும், அதாவது 0.15 மில்லிமோலார். கூடப் போட்டால் வெள்ளைத் துகளாப் படியும். டிஎம்எஸ்ஓ எண்ட கரைப்பானில கரைச்சு, ஏகார் 50 பாகைக்கு ஆறினாப் பிறகு கலவுங்கோ. அட்ரசீன் போடாத கிண்ணத்துக்கும் அதே அளவு வெறும் டிஎம்எஸ்ஓ வேணும்.

நல்லா நீந்துற ஈ.கோலை ஆர்பி437 வகையைப் பக்கத்தில போடுங்கோ. அதுவும் வளையம் போடாட்டி ஏகார்தான் பிழை. கீ-இசட் நீக்கின வெறும் வகையும் வேணும், அது பரவக்கூடாது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் விசிறி மாதிரி நீட்டினால் ஏமாறாதேங்கோ, சவுக்குமுளை மோட்டர் ஜீன்களில விகாரம் வந்த கலங்கள் அவை.

கீ-இசட் கூடினாலும் கெடுதல். கலம் திரும்பாமல் நேராவே ஓடி ஏகார்த் துளைகளில சிக்கும். குறைஞ்சால் நிண்ட இடத்தில புரளும். கலத்தில பிரதி எண்ணிக்கை குறைஞ்ச பிளாஸ்மிட் நல்லது.

இன்னொண்டு: இது மோப்பம் பிடிச்சுப் போறதில்லை. அட்ரசீன் உள்ள இடத்தில ஓட்டம் திறபடுது, இல்லாத இடத்தில நிக்குது. நேரடியா நாடிப்போக, அந்தப் பொருளை உணருற வாங்கிப் புரதமே வேணும். சூடோமோனாஸ் புட்டிடா ஜி7க்கு நஃப்தலீனை உணர அப்படியொண்டு இருக்கு.

வவுனிக்குளம்:
மண் கேள்விக்கு: உயிரோட வயலிலோ வாய்க்காலிலோ விடவே கூடாது. பிளாஸ்மிட் மண் பற்றீரியாவுக்குத் தாவலாம். வாய்க்கால் தண்ணியிலதான் சனம் குளிக்குது. மண்ணை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, சாறெடுத்து 0.22 மைக்ரோமீற்றர் வடியில வடிச்சுப் பாவியுங்கோ. மண்ணில உள்ள அமினோ அமிலங்களும் வளையத்தை மாத்தும், அதால களைநாசினி படாத மண்சாறும் ஒப்பிட வேணும். அட்ரசீனின் குளோரினைக் கழற்றுற அட்ஸ்-ஏ ஜீனைக் கடைசியாச் சேருங்கோ. முதலே சேர்த்தால் அட்ரசீன் சிதைஞ்சுபோய், வளையம் ஏன் நிண்டதெண்டு பிரிச்சறியேலாது. முடிஞ்ச கிண்ணமெல்லாம் 121 பாகையில, ஓட்டோகிளேவில (நீராவி அழுத்தக் கலன்) 15 நிமிஷமாவது வைச்சுக் கிருமி அழியுங்கோ.