ஆச்சியின் பெருவிரலும் லைஃப் சர்டிபிகேட்டும்: பார்த்ததைப் பகிருங்கள்

பாளை ஓய்வூதியர்

பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷாவருஷம் கொடுக்கும் சான்றுதான் லைஃப் சர்டிபிகேட். அதை எடுக்க நவம்பரில் கூடும் கூட்டம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஒரு மையத்தில் பார்த்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. முக்கூடல் பக்கத்து ஆச்சி ஒருத்தர். பீடி சுற்றின காலத்து பி.எஃப். பென்ஷன், மாசம் 1,000 ரூபாய். வலது பெருவிரலை ரேகை மிஷினில் வைத்தார், சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார், திரும்பவும் சிவப்பு. மிஷினில் இருந்த தம்பி எழுந்து வந்து, ஆச்சி விரலுக்கு மேல் தன் விரலை வைத்து நகம் வெளுக்கும்வரை அழுத்தினார். "இந்தக் கையிலயும் விரலு இருக்கே, அத வைக்கட்டுமாய்யா?" என்று ஆச்சி இடது கையை நீட்டினார். "பெருவிரல்தான் வேணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆச்சி கேட்டதுதான் சரி. ஆதார் எடுக்கும்போது பத்து விரலும் பதிவாகிறது. எந்த விரலை வைத்தாலும் மிஷின் ஒப்பிட்டுப் பார்க்கும். பெருவிரல் என்பது பத்திரத்தில் கைநாட்டு வைத்த பழக்கம், அவ்வளவுதான்.

அழுத்தியது அதைவிடப் பெரிய தப்பு. ரேகை என்பது மேடும் பள்ளமும். ஓங்கி அழுத்தினால் மேடு பரந்து பள்ளத்தை மூடிவிடும், கண்ணாடியில் விழுவது வெறும் கறுப்புத் திட்டு. வயசான தோல் ஏற்கெனவே காய்ந்தும் தளர்ந்தும் இருக்கும், அதனால் இன்னும் மோசம். செய்ய வேண்டியது வேறு. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். தோல் வறண்டிருந்தால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தடவி, இரண்டு நிமிஷம் விட்டு, எண்ணெய்ப் பசை இல்லாமல் துணியால் துடைத்துவிட வேண்டும். மிஷின் கண்ணாடியையும் காய்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும், முந்தின ஆளின் வியர்வை அதில் இருக்கும். பிறகு நுனியைக் குத்தாமல், விரலின் சதைப் பகுதி முழுக்கப் படியும்படி தட்டையாக வைத்து, விளக்கு மாறும்வரை அசையாமல் இருந்தால் போதும்.

மேலப்பாளையம் சேவை மையம்

அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா மூணு தடவை பிடிக்கலைன்னா எண்ணெயும் சோப்புமா மல்லுக்கட்டாம முகத்துக்குப் போயிரணும். 2021 நவம்பர்லயே முகம் காட்டிப் பதியுற வசதி வந்துட்டு.

போன்ல ரெண்டு செயலி வேணும். ஒண்ணு, முகத்தைச் சரிபாக்குற 'ஆதார் ஃபேஸ் ஆர்டி', இன்னொண்ணு, சான்றை எடுக்குற 'ஜீவன் பிரமாண்' முகச் செயலி. முதல் செயலியை இறக்கினா திரையில ஐகான் ஒண்ணும் தெரியாது, அது உள்ளுக்குள்ள கிடந்து வேலை செய்யும். "இறங்கவே இல்ல"ன்னு திரும்பத் திரும்ப இறக்குற ஆளுங்களை தினம் பாக்கேன். ரெண்டாவது செயலியைத் திறந்ததும் ஆபரேட்டர் பதிவு கேக்கும். போன் வச்சிருக்குற மகனோ பேத்தியோ அவங்க ஆதார் எண்ணு, மொபைல் எண்ணு போட்டு, ஓடிபி கொடுத்து, அவங்க முகத்தைக் காட்டணும். ஆச்சி முகத்தை இங்க காட்டிட்டு, அடுத்த பக்கத்துல முழிக்கிறதுதான் பெரும்பாலும் நடக்குது. அதுக்கு அப்புறம்தான் பென்ஷன்காரங்க விவரம்: ஆதார் எண்ணு, மொபைல், ஆதார்ல இருக்குற மாதிரியே பேரு, பென்ஷன் வகை, அனுமதிச்ச துறை, பணம் கொடுக்குற இடம், பி.பி.ஓ. எண்ணு (பென்ஷன் உத்தரவுப் புத்தகத்துல இருக்குற எண்ணு), வங்கிக் கணக்கு எண்ணு. மறுமணம் ஆச்சா, மறுபடி வேலை பாக்குதாங்களான்னு ரெண்டு கேள்வி இருக்கும், அதைப் படிக்காம ஆமான்னு தட்டிராதீங்க.

முகம் காட்டும்போது ஆள் வெளிச்சத்தைப் பாத்து உக்காரணும். முதுகுக்குப் பின்னால ஜன்னல் இருந்தா முகம் கறுத்துப் போயி நிராகரிச்சிரும். வெள்ளைச் சுவர் பின்னால இருந்தா நல்லது. கண்ணாடி பளபளன்னு அடிச்சா கழட்டிரணும். வட்டத்துக்குள்ள முகம் வந்ததும் கண்ணை மூடித் திறக்கச் சொல்லும். அது நிழல்படமா நிஜ ஆளான்னு பாக்கத்தான். வேகமாச் சிமிட்டினா பிடிக்காது, நிதானமா ஒரு தடவை மூடித் திறக்கணும். "சாமி கும்பிடுற மாதிரி கண்ணை மூடுங்க ஆச்சி, இப்ப தொறங்க"ன்னு சொன்னா டக்குனு புரிஞ்சிக்கிடுவாங்க.

கருவூலத்தில் இருந்தவன்

முதல் பதிவில் ஒரு குறை. எல்லாரையும் நவம்பரில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அந்த ஆச்சியை நவம்பர் நெரிசலில் நிற்க வைத்ததே வேண்டாத வேலை.

பி.எஃப். பென்ஷன்காரர் வருஷத்தில் எந்த நாளிலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குச் செல்லும். போன முறை மார்ச்சில் கொடுத்திருந்தால் அடுத்த மார்ச்சுக்குள் கொடுத்தால் போதும். மத்திய அரசுப் பென்ஷனுக்குத்தான் நவம்பர். அதிலும் 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1 முதலே வாய்ப்பு உண்டு. மாநில அரசுப் பென்ஷனுக்கு இதே காரியத்தின் பெயர் நேர்காணல், அது வருஷாவருஷம் அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு அலைகிறவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம்.

இன்னொன்று. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தது கண்ணிலேயே நிற்கிறது. ஒன்று அவருடைய சொந்தப் பென்ஷன். மற்றது ரயில்வேயில் இருந்து காலமான கணவரின் குடும்பப் பென்ஷன். முதல் புத்தகத்துக்கு மட்டும் நேர்காணல் முடித்துவிட்டு, "நான்தானே வந்தேன், ரெண்டுக்கும் சேர்த்துத்தான்" என்று நினைத்திருக்கிறார். மற்றது நின்றுபோய்விட்டது. ஆளுக்கு ஒரு சான்று என்பது இல்லை. ஒவ்வொரு பி.பி.ஓ. எண்ணுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரே முகம்தான், ஒரே விரல்தான், பதிவு மட்டும் இரண்டு முறை.

சேவை மையத் தம்பி சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். பிரமாண் எண் குறுஞ்செய்தியில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக்கூடாது. சான்று உருவாகிவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள். பணம் கொடுக்கிற இடம் அதை ஏற்க வேண்டும். பி.பி.ஓ. எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும், வங்கிக்குப் பதில் வேறு இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் நிராகரித்துவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு நிலையைப் பார்க்க வேண்டும். நிராகரிப்பு என்று இருந்தால் திருத்தம் கிடையாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும். பென்ஷன் நின்றுபோனாலும் பயப்பட வேண்டாம், சான்று சேர்ந்தபிறகு நிலுவையோடு வந்துவிடும். ஆனால் மாத்திரைக்கு அதையே நம்பி இருக்கிறவர்களுக்கு இரண்டு மாதம் என்பது சின்ன விஷயமில்லை.

கடையம் தபால்

இத்தனை அலைச்சல் எதுக்குங்க? வீட்டுக்கே வாரோம். பி.எஃப். பென்ஷன்காரங்களுக்குக் கட்டணம் இல்ல, மத்தவங்களுக்கு 70 ரூபாய், வரி உள்பட. எங்க தபால் பேங்குல கணக்கு இருக்கணும்னு இல்ல, எந்த பேங்குல பென்ஷன் வாங்கினாலும் எடுத்துக் கொடுப்போம். தெருவுக்கு வர்ற தபால்காரர்ட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இல்லன்னா தபால்துறைச் செயலியில பதிஞ்சி வைக்கலாம். ஆதார் அட்டை, பி.பி.ஓ., பாஸ்புக், ஓடிபி வர்ற போன், நாலையும் கட்டில் பக்கத்துல எடுத்து வச்சிருங்க.

படுத்த படுக்கையா ஒரு தாத்தா, பக்கவாதம். படுத்த நிலையில முகத்தை எடுத்தா எடுக்கவே இல்ல. தலைக்கு ரெண்டு தலையணை கொடுத்து நிமித்தி, போனை நெஞ்சுக்கு நேரா இல்லாம முகத்துக்கு நேரா பிடிச்ச பிறகுதான் வட்டம் பச்சையாச்சு. மலையடிவார ஊருல சிக்னல் இல்லன்னா முதல்லயே சொல்லிருங்க, வேற கம்பெனி சிம் உள்ள போனையும் சேத்துக் கொண்டு வருவோம்.

பேட்டை, வங்கியில் இருந்தவர்

ஒரு போன் அழைப்பைப் பக்கத்தில் இருந்து கேட்க நேர்ந்தது. எதிர்முனையில் இருந்தவன் ஓய்வு பெற்ற தேதி, பி.பி.ஓ. எண், ஊர் எல்லாவற்றையும் பிசகில்லாமல் சொன்னான். "ஐயா, உங்க லைஃப் சர்டிபிகேட் நாங்களே போட்டுடறோம், ஓடிபி மட்டும் சொல்லுங்க." அந்தக் குரலில் இருந்த மரியாதைதான் பயமாக இருந்தது.

இவ்வளவு தெரிந்தவன் அரசாங்க ஆளாகத்தான் இருப்பான் என்று நம்பக்கூடாது, விவரங்கள் வெளியே எத்தனையோ வழியில் கசிகின்றன. கருவூலமும் வங்கியும் இப்படிப் போனில் கூப்பிட்டுச் சான்று எடுப்பதில்லை. முகமோ விரலோ கருவிழியோ காட்டாமல் டிஜிட்டல் சான்று உருவாகவே உருவாகாது. அப்படியிருக்க வெறும் ஓடிபி எதற்கு? கணக்கில் இருப்பதை எடுப்பதற்கு. வாட்ஸப்பில் 'பென்ஷன் அப்டேட்' என்று ஏபிகே கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு, வந்தால் தொடவே கூடாது. அது உட்கார்ந்துவிட்டால் நம் குறுஞ்செய்திகள் அவனுக்குப் போகும், ஓடிபியை நாம் சொல்லக்கூட வேண்டாம்.

சீருடையில் வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுகிறார்களே, அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் எங்குமே இல்லை. "யாரிடமும் சொல்லாதே, கதவைப் பூட்டு" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். கதவைத் திறந்து பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும், முடக்குவதற்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம் கையில் இருக்கட்டும். விடிந்ததும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

இன்னொன்று, ஆதாரில் விரல் ரேகையைப் பூட்டி வைத்துவிடுங்கள். ரேகையை நகலெடுத்து ஆதார் வழியாகப் பணம் எடுக்கிறார்கள். வயசானவர்கள் எல்லாருமே பூட்ட வேண்டும் என்பேன்.

மேலப்பாளையம் சேவை மையம்

பேட்டை அண்ணாச்சி, கோவிச்சிக்கிடாதீங்க, கடைசியா சொன்னதுதான் எங்களுக்குத் தலைவலி. பேரன் வந்து பூட்டிட்டு சென்னைக்குப் போயிருதான். நவம்பர்ல தாத்தா விரலை வச்சா வேலைக்கு ஆகல. முகத்தைக் காட்டினாலும் ஆகல. பூட்டு ரெண்டுக்கும் சேத்துத்தான். தாத்தாவுக்குப் பூட்டினதே தெரியாது.

திரையில வர்ற எண்ணைப் பாருங்க. 300ன்னு வந்தா ரேகை ஒத்துப்போகல, கையைக் கழுவுறது, விரலை மாத்துறது எல்லாம் அதுக்குத்தான். 330ன்னு வந்தா பூட்டிக் கிடக்கு, பத்து விரலையும் வச்சாலும் நடக்காது. ஆதார் செயலியில கொஞ்ச நேரத்துக்குத் திறந்து விட்டுட்டு, அந்த நேரத்துக்குள்ள சான்றை எடுத்துறணும், அப்புறம் அதுவாப் பூட்டிக்கிடும். திறக்குறதுக்கு ஆதார்ல இணைச்ச மொபைல் எண்ணு உயிரோட இருக்கணும். அந்த எண்ணு செத்துப்போயிருந்தா முதல்ல ஆதார் மையத்துல எண்ணை மாத்தணும். அதனால பூட்டுறவங்க பூட்டின விஷயத்தை ஆதார் நகலுக்குப் பின்னால பென்சில்ல எழுதி வைங்க.

ஸ்ரீவைகுண்டம்

பி.பி.ஓ. எண்ணு, எண்ணுன்னு எல்லாரும் சொல்றீங்க. 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி ஊருக்குள்ள வந்தப்ப அந்தப் புத்தகமே தண்ணியில கிடந்தது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டின மழை. தகரப் பெட்டிக்குள்ள சேறு. பக்கத்து வீட்டு அம்மா நனைஞ்ச புத்தகத்தை வெயில்ல காயப்போட்டு, தாளைப் பிரிக்கப் பாத்தாங்க. எண்ணு எழுதியிருந்த இடம் அப்படியே எதிர்ப்பக்கத்துல ஒட்டிக்கிட்டு வந்துட்டு.

ஈரத் தாளைப் பிரிக்கவே கூடாது. வெயிலும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். புத்தகத்தை நட்டமா நிறுத்தி ஃபேன் காத்துல வச்சி, அரை ஈரமா வந்ததும் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாளைச் செருகி, தாளு ஈரம் குடிச்சதும் மாத்திக்கிட்டே இருக்கணும். நியூஸ் பேப்பர் வச்சா அதோட மை இதுல ஏறிரும்.

புத்தகமே போயிட்டா, பி.எஃப். பென்ஷன்காரங்களுக்கு வழி இருக்கு. பி.எஃப். நிறுவனத்தோட (இ.பி.எஃப்.ஓ.) பென்ஷனர் தளத்துல 'பி.பி.ஓ. எண்ணை அறிய'ங்கிற இடத்துல வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டா வந்துரும். மத்தவங்க பென்ஷன் வர்ற வங்கியிலயோ கருவூலத்துலயோ கேட்டு வாங்கணும். எண்ணைக் கண்டுபிடிச்சதும் பரண்மேல வைக்கிற ஏதாவது ஒண்ணுல எழுதி வைங்க, தரையில இருக்குற பெட்டியில வேண்டாம்.

முக்கூடல்

எல்லாரும் ஆச்சியை விட்டுட்டு எங்கயோ போயிட்டீங்க. பீடி சுத்துற வீட்டுல இருந்து சொல்லுதேன்.

இலையை நனைச்சி வச்சி, கத்தரியால அளவா வெட்டி, தூளை வச்சி ரெண்டு கையோட பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் உருட்டும். ஆயிரம் பீடிக்குத்தான் கூலிக் கணக்கு. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அந்த நாலு விரலும் இலையில தேயுது, அதுவும் முப்பது நாப்பது வருசம். அங்க தொட்டுப் பாத்தா தோல் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். எண்ணெய் போட்டாலும் கிரீம் போட்டாலும் இல்லாத ரேகை எங்க இருந்து வரும்?

மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் அந்த வேலையில பங்கு ரொம்பக் கம்மி. இடது கையில இன்னும் கம்மி, அதுல ரேகை வரி வரியாத் தெரியும். பீடிக்காரங்க வந்தா இடது மோதிர விரலை முதல்ல வைங்க, அடுத்து இடது சுண்டு விரல், அப்புறம் வலது மோதிர விரல். பெருவிரல் பக்கமே போகாதீங்க. கருவிழி மிஷின் இருக்குற இடமா இருந்தா அதையும் கேளுங்க. ஆதார் எடுத்துப் பல வருசம் ஆகியிருந்தா, ஆதார் மையத்துல விரலையும் கண்ணையும் புதுசாப் பதிஞ்சிட்டு வந்தா இன்னும் நல்லது.

பாளை அண்ணாச்சி, அந்த ஆச்சி எந்தத் தெருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. நாளைக்குக் கடையம் தபால்காரரைக் கூட்டிட்டுப் போறேன், இடது கையை வச்சிப் பாப்போம்.