புதுப்பிப்பு: என் கணவரின் சைனஸ் மேல்முறையீடு, 10-லிருந்து 30 சதவீதம்

ஈராக்கில் அமெரிக்க ராணுவப் பணியில் இருந்த என் கணவருக்கு, நாள்பட்ட சைனஸ் அழற்சிக்கு, முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க அரசுத் துறையிடமிருந்து, மாத இழப்பீட்டுக்கான பாதிப்பு மதிப்பீடாக 10 சதவீதம்தான் கிடைத்தது என்று முன்பு எழுதியிருந்தேன். மறுமுடிவு வந்துவிட்டது: 30 சதவீதம்! யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பணியில் நச்சுப் புகை போன்றவற்றால் பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்காக 2022-இல் வந்த பாக்ட் சட்டப்படி, அங்கே பணியாற்றியவர்களுக்கு இந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ளப்படும். அதனால் காரணத்தை நிரூபிக்கும் சுமை எங்களுக்கு இல்லை. சிக்கல், வருடத்தில் எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கையில்தான். தலைவலி, முகவலி, சீழ்ச்சளியோடு வருடத்தில் மூன்று முதல் ஆறு முறை வந்தால் 10. ஆறைத் தாண்டினால் 30. படுத்த படுக்கையாக்கும் அளவு கடுமை என்றால் மூன்று முறை போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் நான்கு முதல் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் எடுத்திருக்க வேண்டும். இந்த நிபந்தனை எனக்கு நியாயமாகப் படவில்லை. இன்று பல மருத்துவர்கள் அவ்வளவு நாள் எழுதித் தருவதில்லை.

முதல் பரிசோதனை அறிக்கையில் டாக்டரிடம் போன தடவைகள் மட்டுமே இருந்தன. வீட்டிலேயே உப்புநீரால் மூக்கைக் கழுவிச் சமாளித்தவை இல்லை. அவற்றைத் தேதிவாரியாக எழுதி, நான் கண்டதை 21-10210 படிவத்தில் சாட்சியமாக இணைத்தேன். மேல்முறையீட்டு வழிகளில் ஒன்றான உயர்நிலை மறுபரிசீலனையில் (மூத்த அதிகாரி அதே கோப்பை மீண்டும் பார்ப்பது) புது ஆதாரம் சேர்க்க முடியாது; அதனால் புது ஆதாரத்தோடு மீண்டும் கேட்கும் துணைக் கோரிக்கை வழியில் போனோம். முதல் முடிவு வந்து ஒரு வருடத்துக்குள் போட்டதால் பழைய தேதியிலிருந்தே நிலுவைத் தொகை வருகிறது.

அப்புறம், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதையும் சைனஸின் தொடர்விளைவாகக் கோரப் போகிறோம். அதற்கு மருத்துவரின் கருத்துக் கடிதம் வாங்கியவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.