மாலையில் ஒட்டிய ரப்பர் ஷீட் மட்டும் உப்புகிறது: பசையா, பனியா?

கேள்வி:
திருவொற்றியூர், கடலுக்குப் பக்கம். 2,400 சதுர அடி கான்கிரீட் மொட்டைமாடி, 100 அடிக்கு 1 அடி வாட்டம். 1.5 மி.மீ. இபிடிஎம் (நீர் புகாத செயற்கை ரப்பர்) ஷீட்டை, ஷீட்டின் அடியிலும் தளத்திலும் என இரண்டு பக்கமும் தடவும் சால்வென்ட் (ஆவியாகிவிடும் கரைப்பான்) பசையால் ஒட்டும் வேலை இந்த மார்கழியில் நடக்கிறது. காலை 10 மணிக்கு மேல் ஒட்டியது கல் மாதிரி பிடித்திருக்கிறது. மாலை 5 மணிக்கு மேல் ஒட்டியதில் மூன்றாம் நாளே கையகல உப்பல். பிரித்தால் ஷீட்டில் ஒரு படலம், தளத்தில் ஒரு படலம், இரண்டும் சேரவே இல்லை. டப்பா கெட்டுப்போனதா?

பதில் 1:
டப்பா கெட்டிருந்தால் காலையில் ஒட்டியதும் விட்டிருக்கும். படலம் படலத்தோடு சேரவில்லை என்றால் நடுவில் ஏதோ உட்கார்ந்திருக்கிறது. இந்த நேரத்தில் அது பெரும்பாலும் நீர்தான்.

கணக்கு இது: 100-இலிருந்து காற்றின் ஈரப்பதச் சதவீதத்தைக் கழித்து 5-ஆல் வகுங்கள். வருவதைக் காற்றின் வெப்பத்திலிருந்து கழித்தால் பனி படியும் வெப்பநிலை ஏறக்குறையக் கிடைக்கும். மாலையில் 26 டிகிரி, 85 சதவீதம் என்றால் 23. தளம் அதைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். வெயில் இறங்கியதும் தளம் 25-க்கு வந்துவிட்டால் இடைவெளி 2 டிகிரிதான். அதோடு சால்வென்ட் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பே இன்னும் குளிரும். அங்கேதான் பனி படிகிறது. பளபளப்பாக இருக்க வேண்டிய படலம் மங்கி, பால் பூத்தாற்போல் தெரியும். அப்படித் தெரிந்தால் ஷீட்டை அதன்மேல் போடவே கூடாது. காய்ந்தபின் புதிதாக ஒரு கோட் அடியுங்கள்.

தள வெப்பத்தை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். கைவைத்துப் பார்ப்பது போதாது. மார்கழியில் மாலை 4-க்குள் பசை டப்பாவை மூடிவிடுவது நல்லது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. காலையிலும் ஒரு இடம் ஏமாற்றும்: கிழக்குக் கைப்பிடிச் சுவரின் அடி. நடுத்தளம் 9 மணிக்கே காய்ந்துவிடும், சுவர் நிழலில் இரண்டு மூன்று அடிப் பட்டை ஈரமாகவே கிடக்கும். அங்கே கடைசியாகப் போங்கள்.

மழை விட்ட பிறகு கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் தனிச் சிக்கல். 18 அங்குலச் சதுர பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ காத்திருக்க வேண்டியதுதான். இந்த ஈரத்தால் விட்டது என்றால் பசை தளத்திலிருந்தே உரிந்து ஷீட்டோடு வரும். உங்களுடையது அப்படி இல்லை.

கடலோரத்தில் உப்பும், எண்ணூர் பக்கமிருந்து வரும் சாம்பல் தூளும் தளத்தில் படியும். நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிட்டு, ஒட்டும் அன்று மறுபடி பெருக்குங்கள்.

கேட்டவர்:
நன்றி. ஈரத்தைக் கேஸ் டார்ச்சால் காயவைக்கலாமா? சித்திரையில் இன்னொரு தளம் இருக்கிறது, அப்போது பயமில்லைதானே?

பதில் 1:
டார்ச் வேண்டவே வேண்டாம். அந்தப் பசை பெட்ரோல் மாதிரிப் பற்றும், திறந்த டப்பாவின் ஆவியே போதும். துணியால் ஒற்றி, காற்று ஊதும் ப்ளோயர் வையுங்கள். தண்ணீர் சார்ந்த பசைக்கு மாறினாலும் ஈரக்காற்றில் அது காய இன்னும் நேரமாகும்.

சித்திரையில் வேறு தொல்லை. கால் வைக்க முடியாத தளத்தில் பசையின் மேல்தோல் சட்டென்று காய்ந்து, அடியில் சால்வென்ட் மாட்டிக்கொள்ளும். பிறகு வெயிலில் விரிந்து ஷீட்டைத் தூக்கும். விரலால் தொட்டால் மட்டும் போதாது. அழுத்தி முன்னால் தள்ளுங்கள். தோல் நழுவி, உள்ளே ஈரமாகத் தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. நூல் இழுக்காமல், பிசுக்காக மட்டும் இருக்கும்போது ஷீட்டை உருட்டுங்கள். அதிகம் காயவிட்டாலும் பிடிக்காது, அதனால் சிறுசிறு பகுதியாக அடியுங்கள். கெட்டியாகிவிட்டது என்று தின்னர் கலக்காதீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்து லிட்டருக்குச் சுமார் 15 சதுர அடிதான் ஒட்ட வேண்டும். 25 சதுர அடி வந்தால் பசை மெலிந்துவிட்டது.

இப்போதைய உப்பல்களை வெட்டி எடுங்கள், பழைய படலத்தின் மேல் ஒட்டாதீர்கள். ஒட்டுத்துண்டு வெட்டின ஓரத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் 3 அங்குலம் போகட்டும். முதலில் பிரைமர் (ஒட்டும் முன் அடிக்கும் முதல் பூச்சு), பிறகு சீம் டேப் (ஷீட் ஓரங்களை ஒட்டும் நாடா), கடைசியில் 2 அங்குலக் கை ரோலரால் அழுத்துங்கள். பிரைமர் மேலும் பனி படியும், அதையும் காலை வெயிலிலேயே அடித்துவிடுங்கள்.