நாதனார் கோவிலில் ஒரு கல்

திருகோணமலையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்கத்தான் போயிருந்தேன். ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு வெளியே வந்தால், ஆட்டோக்கார அண்ணன் "இவ்வளவு தூரம் வந்திட்டீங்க தங்கச்சி, நாதனார் கோவிலையும் பாத்திட்டுப் போங்க" என்றார். ஏதோ சிவன் கோவில் என்று நினைத்து ஏறிவிட்டேன். இறங்கிய இடம் பெரியகுளத்தை ஒட்டிய வெல்கம் விகாரை! பழைய பௌத்த விகாரை அது. அங்கிருக்கும் தமிழர்களுக்கு அதுதான் நாதனார் கோவில்.

எங்களைத் தவிர ஆளே இல்லை. இடிந்த செங்கல் சுவர்களுக்கு நடுவே புத்தர் நிற்கிறார். சுவருக்கு அடியில் உள்ள கல் வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன், சோழர் காலத்துக் கோவில்களில் பார்ப்போமே, அதே சாயல்.

அப்புறம்தான் கல்வெட்டு. முதலில் வெறும் கீறல் மாதிரித்தான் தெரிந்தது. அண்ணன் தன் போன் வெளிச்சத்தை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், கல்லை உரசுவதுபோல் சாய்த்துப் பிடித்தார், எழுத்துக்கு நிழல் விழுந்து ஒவ்வொன்றாக எழும்பி வந்தது. புள்ளி இல்லாத பழைய எழுத்து, முழுதாகப் படிக்க வரவில்லை. ஆனால் ஒரு 'ட', ஒரு 'ப', சந்தேகமே இல்லாமல் தமிழ். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது.

ஊருக்குத் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். சோழர் ஆட்சியில் இந்த விகாரைக்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். பௌத்தர், சமணர் இருப்பிடத்துக்குப் பள்ளி என்பது பழைய தமிழ் வழக்கு, நாம் சொல்லும் பள்ளிக்கூடத்திலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. புத்தருக்கு அணையா விளக்கு எரிக்கத் தமிழர்கள் மாடும் காசும் கொடுத்ததைத்தான் அந்தக் கற்கள் சொல்கின்றன. ஒரு விளக்குக்கு 84 பசு என்று ஒரு கல்வெட்டில் இருக்கிறது. நெய்க்குத்தான். ஒரே ஒரு விளக்கு அணையாமல் இருக்க ஒரு மந்தையையே கொடுத்திருக்கிறார் ஒருவர், ஆயிரம் வருடத்துக்கு முன்னால். அதை இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

போகிறவர்கள் காலையிலோ மாலையிலோ போங்கள், வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து தெரியும். தயவுசெய்து கல்லைத் தேய்க்காதீர்கள், சுண்ணாம்பு தடவாதீர்கள்.

கிளம்பும்போது அண்ணனைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். "எத்தனையோ பேரை இங்க கூட்டி வந்திருக்கிறன், இதை ஒருநாளும் கிட்டப் போய்ப் பார்த்ததில்ல. மகளுக்குக் காட்டணும்" என்றார்.